சொன்னதைச் சொன்னவர்

முதல் நாளே அவரை நான் சபித்தேன். வாய்விட்டு அல்ல. கூண்டுக்குள் நிற்கிறவன் வாய்விட்டுச் சபிக்க முடியாது. சபித்திருந்தால் அதையும் அவர் மொழிபெயர்த்திருப்பார்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் சொல்லப்போவதில்லை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவில் என்றால் போதும். அவர் இன்னும் அரசாங்க வேலையில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், என்னால் அவருக்கு இன்னொரு இடமாற்றக் கடிதம் போய்ச் சேரக் கூடாது.

நான் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கழிக்கும் வேலை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருந்தும் அந்தக் கத்திதான் கைக்கு வந்தது. எங்கள் தோட்டத்துக்குக் கீழே, பஸ் திரும்பும் சந்தியில், ஒரு சிங்கள முதலாளியின் கடை இருந்தது. அரிசி, மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். தோட்டத்துப் பெண்கள் எவ்வளவு முன்னால் வந்து நின்றாலும் கிராமத்து ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் பக்கம் திரும்புவார். ஒரு சாயங்காலம் என் அக்கா மழையில் அப்படி நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்ச் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். பத்துப் பேர் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, கடைக்குப் பின்னால் அவர் வெட்டுக் காயங்களோடு கிடந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்று மத்தியானம் பொலிஸ் ஜீப் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது. வேறு எந்த வாசலுக்கும் அது போகவில்லை.

இரண்டு நாள் பொலிஸில் வைத்திருந்துவிட்டு நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் சிங்களத்தில் கேட்டதை, கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் எனக்குத் தமிழில் சொன்னார். "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" அந்த இரண்டு நாளில் என்னை யாரும் 'நீங்கள்' என்று கூப்பிட்டிருக்கவில்லை. அதில் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்துவிட்டது.

"அந்த ஆளு செத்தது நல்லதுதாங்க," என்றேன். "ஆனா நான் வெட்டலைங்க."

கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் தெரியும். அவர் என் இரண்டு வாக்கியங்களையும் அப்படியே சொன்னார் என்பது புரிய அது போதுமாக இருந்தது. முன் வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த செத்தவரின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தினார். நீதவான் எழுதினார். பதினான்கு நாள் விளக்கமறியல் சிறை. பிறகு மேலிடத்தில் பிணை கேட்டபோது, அந்த ஒரு வாக்கியத்தைக் காட்டித்தான் மறுத்தார்கள். சிறை பஸ்ஸின் கம்பி வழியாக நமுனுகுல மலையைப் பார்த்தபடியே அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லியிருந்தால் என்ன?

மூன்று வருடமும் சில மாதமும் உள்ளே இருந்தேன். பதினான்கு நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி வருவார்கள், ஐந்து நிமிடம் கூண்டில் நிற்பேன், திரும்ப ஏற்றுவார்கள். அந்த ஐந்து நிமிடங்களில்தான் அவரை அறிந்தேன். சிறைக்கு வெளியே அந்தக் காலத்தில் நான் அதிகமாகப் பார்த்த முகம் அவருடையதுதான்.

ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளம். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டு, காதுக்கு மேலே ஊசி குத்தியிருப்பார். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துச் சனம் வந்து துணியைத் தடவிப் பார்த்துப் பேசிய பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவர். எங்கள் தமிழ் அவருக்கு அப்படித்தான் வந்தது. அந்த நீதிமன்றத்தில் தமிழும் சிங்களமும் எழுதப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவரே; கீழே நீதவானிடமும் மேல்மாடியில் மேல் நீதிமன்றத்திலும் அவர்தான் மாறி மாறி ஓடினார். படியேறும்போது மூச்சு வாங்குவது கேட்கும். ஆனால் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் அந்த மூச்சு எங்கே போகும் என்று தெரியாது. குரல் ஏறாது, இறங்காது. அழுகிறவனின் பேச்சும் மிரட்டுகிறவனின் பேச்சும் அவரிடமிருந்து ஒரே குரலில்தான் வரும்.

மற்ற நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் நீதிபதியின் மேசைக்குக் கீழே நிற்பார்கள் என்று சிறையில் சொன்னார்கள். அவர் கூண்டை ஒட்டி நிற்பார். கேட்க வேண்டியவன் நான்தானே என்பதுபோல.

தெரியாத சொல் வந்தால் தெரியாது என்பார். அது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருமுறை எங்கள் தோட்டத்துக் கிழவி ஒருத்தி சாட்சி சொல்ல வந்து, "பெரட்டுக் கலைஞ்ச பெறகுதாங்க பாத்தேன்" என்றாள். அவர் சிங்களத்தில் நீதவானிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிழவியின் பக்கம் குனிந்தார். "பெரட்டுன்னா என்னங்கம்மா? காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிறதா, பேர் கூப்பிடுறதா?" பேர் கூப்பிட்டு ஆள் பிரிப்பது இரண்டும்தான் என்று கிழவி விளக்கினாள். சட்டத்தரணிகள் சிரித்தார்கள். ரப்பர் பட்டி போட்ட ஒரு சின்னக் கொப்பியில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தார். நீதிமன்றம் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

என் அக்கா அவரை வழியில் மறித்துக் கெஞ்சியிருக்கிறாள். "நம்ம பாஷ பேசுற ஆளு நீங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மிஸ்."

"பாத்துச் சொல்றதுக்கு என்னைய வைக்கலியே அக்கா. கேட்டதச் சொல்றதுக்குத்தான் வச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அடுத்த முறை சிறைக்கு வந்தபோது அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். "கல்லு மாதிரி நிக்கிறாங்கடா அந்த அம்மா."

ஒருநாள் நீதவான் வரத் தாமதமானது. கூண்டில் நான் மட்டும். அவர் பக்கத்தில். கேட்டுவிட்டேன்.

"மிஸ், மொத நாளு ஏன் அப்பிடியே சொன்னீங்க? பின்னால சொன்னத மட்டும் சொல்லியிருந்தா பத்தாதா?"

"முன்னால சொன்னதையும் நீங்கதானே தம்பி சொன்னீங்க."

அவர் கொப்பியைத் திறந்தார். அதிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "இன்னிக்கு உங்களுக்காக ஒரு வார்த்தைய முழுங்கினேன்னு வைங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து உங்களுக்கு எதிரா ஒரு வார்த்தைய சேத்துச் சொல்லுன்னா, நான் எந்த வாயால மாட்டேன்னு சொல்றது?"

அப்போது அது எனக்கு ஒரு நியாயமாகவே படவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்கு அப்படிப் பேசுவது சுலபம் என்று நினைத்தேன்.

இன்னொரு நாள் நடந்ததை மறக்க முடியாது. வழக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடுவதைப் பற்றி அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சட்டத்தரணிகளின் மேசைக்குப் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் சிங்களத்தில் ஏதோ முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பேச்சை நிறுத்தினார். என் பக்கம் நன்றாகத் திரும்பி, வழக்கமான அதே குரலில் தமிழில் சொன்னார்:

"'இந்தத் தோட்டத்து நாய்களுக்கு எதற்கு இவ்வளவு விளக்கம்' என்று சார்ஜன்ட் சொல்கிறார்."

நீதவான் நிமிர்ந்து, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட எனக்கு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அவர் சார்ஜன்டின் வார்த்தைகளையே சிங்களத்தில், இந்த முறை எல்லோருக்கும் கேட்க, திரும்பச் சொன்னார்.  அது நீதிமன்றத்துக்குச் சொன்னதல்ல, அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்றார் நீதவான். "எதிரியைப் பற்றி, எதிரிக்குக் கேட்கும் தூரத்தில் சொன்னது, ஐயா" என்றார் இவர். அதையும் எனக்குத் தமிழில் சொன்னார். சார்ஜன்ட் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் செய்தது தைரியமான காரியம் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சிங்களத்தில் பாதி புரிந்தும் புரியாமலும் போயிருக்க வேண்டிய சொல், என் சொந்தப் பாஷையில், ஒரு மரியாதையான குரலில் வந்து விழுந்தது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவரிடம் உள்ள கஷ்டமே அதுதான். நீங்கள் எதிலிருந்தும் ஒளிந்துகொள்ள அவர் விடமாட்டார்.

விறகு வெட்டிய வழக்கில் வந்த ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் முறை வரும்போது நானும் அதே கூண்டில் ஓரமாக நின்றேன். அரச காட்டில் மரம் வெட்டியதாகக் குற்றச்சாட்டு. ஒவ்வொரு வரிக்கும் பெரியவர் கும்பிட்டபடி "சரிங்க, சரிங்க" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று எழுதப் போனார்கள். தோட்டத்தில் துரை சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் நாங்கள் சொல்லும் சொல் அது ஒன்றுதான்.

மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட்டார். "ஐயா, இது சம்மதம் இல்லை. காதில் விழுந்தது என்று அர்த்தம். காலையில் 'அந்தப் பக்கம் நில்லுங்க' என்று நான் சொன்னபோதும் இவர் 'சரிங்க' என்றுதான் சொன்னார்." பிறகு பெரியவரிடம் கேட்டார். "மரத்த நீங்க வெட்டினீங்களா?"

"இல்லைங்களே. காத்துல விழுந்து கெடந்த கொம்புங்க."

வழக்கு விசாரணைக்குப் போனது. பெரியவர் அதற்காக இன்னும் ஏழெட்டுத் தடவை மலையிறங்கி வர வேண்டியிருந்தது. "அன்னிக்கே தலையாட்டியிருந்தா வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த அம்மா கெடுத்துருச்சு" என்று என்னிடம் புலம்பினார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

என் வழக்கு கடைசியில் மேல்மாடிக்கு வந்தது. என்னை வெட்டக் கண்டவர் யாருமில்லை. என் கவ்வாத்துக் கத்தியில் ரத்தம் இருந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என அறிக்கை வந்திருந்தது. இருந்தவை இரண்டே இரண்டு. கடையில் போட்ட சண்டை ஒன்று. மற்றது, பொலிஸில் நான் சொன்னதாகச் சிங்களத்தில் எழுதியிருந்த ஒரு வரி: 'கத்தியைக் கூரையில் மறைத்து வைத்தேன், அழைத்துப் போனால் காட்டுவேன்.' அவர்கள் எழுதியதன் கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

உண்மையில் நடந்தது இதுதான். கத்தி எங்கே என்று கேட்டார்கள். "கூரையில சொருகி வச்சிருக்கேங்க" என்றேன். கவ்வாத்துக்காரன் எவனும் கத்தியை அங்கேதான் வைப்பான், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல். எங்கள் லயத்தில் அன்று ஏழு கத்திகள் அப்படிச் சொருகியிருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் வாக்குமூலத்தை மொழிபெயர்த்ததாகச் சொன்ன கான்ஸ்டபிள் சாட்சி சொல்ல வந்த காலை, என்னைக் காவலர்கள் நடைபாதைக்குப் பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். பொலிஸ் பொறுப்பதிகாரி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை அந்த நடைபாதையில் நிறுத்திப் பேசினார். மூன்று வருடச் சிறை எனக்குச் சிங்களம் கற்றுக்கொடுத்திருந்தது.

"நோனா, ஒரு வார்த்தைதானே. புருஷனை இழந்த அந்தப் பெண் மூன்று பிள்ளைகளோடு நிற்கிறாள், பாருங்கள். நீங்களும் இந்தப் பக்கத்தில்தான் வாழ வேண்டும். உங்கள் தம்பி கடை நடத்துகிறார், இல்லையா?"

"அந்த வார்த்தை என்னுடையது இல்லை, மஹத்தயா. என்னுடையதாக இருந்தால் தந்திருப்பேன்."

"நீங்கள் எல்லாரும் ஒரே பாஷைக்காரர்கள்தானே" என்றார் பொறுப்பதிகாரி. செருப்புச் சத்தம் படியேறிப் போனது. மூச்சு வாங்குவதும் கேட்டது. அன்று கொஞ்சம் அதிகமாக வாங்கியது.

எனக்காக வாதாட நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமித்திருந்தது. சிங்கள இளைஞர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அன்று நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "எதிரி தமிழில் சொன்ன அதே வார்த்தைகளைத் தமிழிலேயே சொல்லுங்கள்."

கான்ஸ்டபிள் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் உடைந்த தமிழில், "கத்தி... கூரை... சொருகி வச்சிருக்கு" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. கேட்டதை ஞாபகம் வைத்திருந்தார். அதற்கு மறைத்து வைத்தேன் என்று அர்த்தம் எனச் சிங்களத்தில் சேர்த்துக்கொண்டார். அரச சட்டத்தரணி எழுந்து, அதை அப்படியே பதிவு செய்யும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

நீதிபதி பார்த்தார். அவர் நீதிபதியிடம் சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னார். அன்று நடந்த எல்லாவற்றையும் அப்படித்தான் அறிந்தேன், அவரைத் திட்டியதையும் அவர் வாயாலேயே.

"'சாட்சி சொன்ன சொல் சொருகி. அதற்குச் செருகி வைத்தல் என்று அர்த்தம். மறைத்தல் என்று அர்த்தமில்லை' என்று நான் சொன்னேன்."

"'மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்கிறார், இதை அனுமதிக்கக் கூடாது' என்று அரச சட்டத்தரணி சொல்கிறார்."

"'நீங்கள் சாட்சியா, மொழிபெயர்ப்பாளரா?' என்று கனம் நீதிபதி என்னைக் கேட்கிறார்."

"'மொழிபெயர்ப்பாளர். அதனால்தான் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது' என்று நான் சொன்னேன்."

வெள்ளைச் சேலைப் பெண் எழுந்து நின்றுவிட்டார். தன் புருஷனைக் கொன்றவனை இவள் காப்பாற்றுகிறாள் என்று கத்தினார். அழுகையில் அவருடைய வார்த்தைகள் உடைந்தன. இவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவருடைய குரல் தட்டுத்தடுமாறியதைக் கேட்டேன். ஆனாலும் சொன்னார். "'என் புருஷனைக் கொன்றவனை இந்தப் பெண் காப்பாற்றுகிறாள்' என்று... இறந்தவரின் மனைவி சொல்கிறார்."

நீதிபதி மேசையில் தட்டினார். விவாதம் வேண்டாம், அர்த்தம் மறைத்து வைத்தேன் என்று எழுதலாம், என்று சுருக்கெழுத்தாளரிடம் கை காட்டினார். இவர் கைகளைக் கட்டிக்கொண்டார். 

"'நீதிமன்றம் கட்டளையிட்டால் எழுதட்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று நான் சொன்னேன்."

 நீதிபதி இரண்டையும் எழுதச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அக்காதான் சிறைக்கு வந்து சொன்னாள். யாரோ அவருடைய படத்தைப் பேஸ்புக்கில் போட்டிருந்தார்களாம், கொலைகாரனைக் காப்பாற்றும் முஸ்லிம் பெண் என்று எழுதி. தம்பியின் துணிக்கடைக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. ஒரு காலையில் கடைப் பலகையில் தார் பூசியிருந்தது. "அந்தத் தம்பிக்காரர் நடுத்தெருவுல நின்னு இவங்களத் திட்டினாராம்டா. உனக்கு யாரு சொந்தம், அந்தத் தோட்டத்துக்காரனா நானா அப்பிடின்னு." அடுத்த தவணைக்கு நான் போனபோது கூண்டுக்குப் பக்கத்தில் அவர் இல்லை. வேறு ஊருக்கு இடமாற்றம் வந்துவிட்டது என்றார்கள்.

தீர்ப்பு நாளில் வேறொருவர் வந்திருந்தார். நீதிபதி ஒரு மணி நேரத்துக்கு மேல் சிங்களத்தில் வாசித்தார். சட்டத்தின் சிங்களம் சிறைச் சிங்களம் இல்லை. புதியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசித்து முடிந்ததும் என்னிடம் சொன்னார். "விட்டுட்டாங்க. போகலாம்."

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு சொற்கள். விடுதலையாகி வெளியே வந்து நின்றபோது அதுதான் என்னைக் குடைந்தது. என்னைப் பற்றி அவ்வளவு நேரம் என்ன சொன்னார்கள்?

வெளியே வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சந்திக் கடையை இப்போது செத்தவரின் மூத்த மகன் நடத்தினான். நான் அந்தப் பக்கம் போக முடியாது. பஸ்ஸுக்கு மேட்டு வழியாக இரண்டு மைல் சுற்றி நடந்தேன். கீழே எங்காவது ஒரு சைக்கிள் காணாமல் போனாலும் ஜீப் நேராக எங்கள் லயத்துக்குத்தான் வரும். கொன்றவனை யாரும் தேடவே இல்லை. என்னை விட்டுவிட்டதோடு பொலிஸார் வழக்குக் கோப்பை மூடிவிட்டார்கள், ஆனால் அவர்கள் மனதில் நான்தான் அவன். லயத்திலும் சிலருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. பெண் கேட்டுப் போன இடத்தில் கதவைச் சாத்தினார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். பொலிஸ் அறிக்கையில் கொலை வழக்கு என்று வந்தது. குற்றமற்றவன் என்று கோர்ட்டுத் தீர்ப்பு இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம் என்றார் ஏஜென்சிக்காரர். தீர்ப்பின் பிரதியை எடுத்தேன். இருபத்திரண்டு பக்கம், எல்லாம் சிங்களம். அதை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது? எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரிந்திருந்தது.

அவரை மாற்றியிருந்தது மொனராகலைப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு. கரும்பும் வெயிலும். மதிய இடைவேளையில் நீதிமன்றத்து வளவில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் யாரென்று தெரிந்துகொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என்ன தம்பி அது?"

"தீர்ப்பு மிஸ். அன்னிக்கு ஒண்ணுமே சொல்லாம அனுப்பிட்டாங்க."

சோற்றுப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒரு வரி சிங்களத்தில் மனதுக்குள், அதன் பிறகு அதே வரி தமிழில், அதே ஏறாத இறங்காத குரலில்.

நடுவில் ஓரிடத்தில், "'தோட்டத் தொழிலாளர்கள் உண்மையை மறைக்கும் பழக்கமுடையவர்கள் என்பதை இந்த நீதிமன்றம் தன் அனுபவத்தில் அறிந்திருக்கிறது'" என்று வாசித்தார். நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, "'மொழிபெயர்ப்பாளர் தன் கடமையின் எல்லையை மீறி நடந்துகொண்டார். இது உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது'" என்று வாசித்தார். தன்னைப் பற்றிய வரி என்று குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கு அடுத்த வரியும் அவரைப் பற்றியதுதான். "'எனினும், எதிரிக்குப் பெரிதும் பாதகமான வார்த்தைகளைக் கீழ் நீதிமன்றத்தில் சற்றும் குறைக்காமல் பதிவு செய்தவரும் இதே மொழிபெயர்ப்பாளரே. ஆகவே அவர் எதிரிக்குச் சார்பானவர் என்று கருத இடமில்லை.'"

நான் சபித்த அந்த முதல் நாளால்தான் அவருடைய சொல்லை நீதிபதி நம்பியிருக்கிறார். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.  அவர் நிறுத்தாமல் பக்கத்தைப் புரட்டினார்.

முடித்ததும் நான் கேட்டேன். "குத்தமத்தவன்னு எந்த எடத்துல மிஸ் எழுதியிருக்கு? அந்த வரியில மட்டும் ஒரு கோடு போட்டுத் தாங்க. ஏஜென்சியில காட்டணும்."

கடைசி இரண்டு பக்கங்களை மறுபடியும் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

"அப்பிடி எழுதல தம்பி. 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து அவரை விடுவிக்கிறேன்.' இதுதான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

"இல்ல. ரெண்டும் வேற."

எனக்குக் கோபம் வந்தது. அவர் நினைத்திருந்தால் ஏதோ ஒரு வரியில் ஒரு கோடு போட்டிருக்கலாம். ஏஜென்சிக்காரர் நீதிமன்றத்துச் சிங்களத்தை எழுத்தெண்ணியா படிக்கப்போகிறார்? இதற்காகவா இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வளவில் ஆட்கள் எழுந்து உள்ளே போகத் தொடங்கினார்கள். இடைவேளை முடிந்திருந்தது. அவர் தாள்களை வரிசைப்படுத்தி, ஓரம் தட்டி, உறைக்குள் போட்டு என் மடியில் வைத்தார்.

"மூணு வருஷம் உங்கட கூண்டுக்குப் பக்கத்துல நின்டிரிக்கேன்," என்றார். கடைத்தெருவில் அவருடைய வீட்டார் பேசும் பேச்சு அது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நீங்க அதச் செய்யல்ல. எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆனா அத எங்கயும் எழுதித் தர எனக்கு ஏலாது தம்பி."

உள்ளேயிருந்து யாரோ ஒருவனின் பெயரைக் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெயர். பிரிக்காத சோற்றுப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுந்து உள்ளே போனார்.